புதிய ரேடியோ கன்ட்ரோல் டாங்கி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். 1/16 அளவில், அதாவது உண்மை டாங்கியின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்காக, ரேடியோ கன்ட்ரோல் டாங்கி ஒன்றை முதன்முறையாக வாங்க நினைக்கிறீர்கள். புதிய மாதிரிகள் வரப்போவதாகப் பேச்சு அடிபடுவதால், இருப்பதை வாங்கிவிடலாமா அல்லது பொறுத்திருக்கலாமா என்று தயங்குகிறீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் எதற்காகத்தான் ஏங்குகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் படித்தால் இது அடுத்து எந்த டாங்கி வரும் என்ற கேள்விதான். ஆனால் முன்பு ஒருமுறை ‘புதியது’ என்று வாங்கிய பொம்மையால் ஏமாந்ததையும் நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், புதிது என்று விற்கப்படுவதில் உண்மையில் எவ்வளவு புதிது என்பதே உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இயந்திரவியல் படித்தவன். இந்த அளவு டாங்கிகளைப் பதினேழு ஆண்டுகளாகக் கட்டியும் பிரித்தும் பழுதுபார்த்தும் வருகிறேன். 1/24, 1/35 அளவுகளில் என் கை அவ்வளவாகப் பழகவில்லை என்பதால் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நிறுவனங்களின் உள்திட்டங்களை அறியும் வழியும் எனக்கில்லை. ஆகவே எது வரும் என்று நான் சொல்வதை ஊகமாகவும், எது ஏன் வருவதில்லை என்று சொல்வதைக் கணக்காகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். மாதிரி டாங்கி ஒன்றின் பெயரை அதன் மேற்கூடு தீர்மானிக்கிறது. அது எப்படி ஓடும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அடிக்கூடுதான் தீர்மானிக்கிறது. மோட்டார், கியர்பாக்ஸ், சக்கரங்களைத் தாங்கும் கைகள், டிராக் எனப்படும் சங்கிலிப் பட்டை ஆகிய எல்லாமே கீழேதான் இருக்கின்றன. இது இன்று நேற்று வந்த நிலைமை அன்று. 1960களின் தொடக்கத்தில் தமியா என்னும் ஜப்பானிய மாதிரி நிறுவனம் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி ஒன்றைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்பதைக் கொண்டே அதன் உடலளவை முடிவு செய்தது. பிறகு அளந்து பார்த்தபோது அது ஏறத்தாழ 1/35 என்று வந்தது. உலகம் முழுவதும் ராணுவ மாதிரிகளுக்கு இன்று நிலைத்திருக்கும் அந்த விசித்திரமான எண், பேட்டரிக்கு இடம் தேடியதால் பிறந்ததுதான். அதே நிறுவனத்தின் முதல் ரேடியோ கன்ட்ரோல் தயாரிப்பு 1974இல் வந்த 1/16 ஷெர்மன் டாங்கி. ரேடியோ கன்ட்ரோல் கார் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது என்பதைச் சொன்னால் கார் ஓட்டும் நண்பர்கள் நம்ப மறுப்பார்கள்.

ஒரு டாங்கியின் அடிக்கூட்டுக்கும் சக்கரங்களுக்கும் டிராக் கண்ணிகளுக்கும் தேவையான எஃகு அச்சுகளை வெட்டுவதுதான் தயாரிப்பாளருக்குப் பெருஞ்செலவு. ஒருமுறை வெட்டிய அடிக்கூட்டின் மேல் வேறு மேற்கூட்டை வைத்து இன்னொரு பெட்டியாக விற்பது அதனோடு ஒப்பிட்டால் எளிது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியல்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கியான மூன்றாம் பான்ஸர் இருந்தால் அதே அடியில் ஸ்டூக் என்னும் தாக்குதல் பீரங்கி வண்டி வரும். பேந்தர் இருந்தால் யாக்ட்பேந்தர் வரும். சோவியத் டி-34 இருந்தால் எஸ்.யு.-85, எஸ்.யு.-100 ஆகியவை வரலாம். அமெரிக்க ஷெர்மன் ஒன்றின் அடியை வைத்துக்கொண்டு ஃபயர்ஃபிளை, எம்-10 என்று பல பெட்டிகளை நிரப்பலாம். உண்மைப் போர்க்காலத் தொழிற்சாலைகளும் இதே சிக்கனத்தைத்தான் கடைப்பிடித்தன என்பதால், மாதிரிக்காரர்களை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எனவே அடுத்து எது வரும் என்று ஊகிக்க விரும்பினால், ஏற்கெனவே இருக்கும் அடிக்கூடுகளில் எவற்றுக்கு இன்னும் பிள்ளைகள் பிறக்கவில்லை என்று தேடுங்கள். வதந்திகளைப் படிப்பதைவிட இது எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கே ஆர்வலர்களின் நெடுநாள் மனக்குறையையும் விளக்குகிறது. ஜெர்மனியின் முதல் டைகர் வகையில் கட்டப்பட்டவை ஏறத்தாழ 1,350. இரண்டாம் டைகர் 500க்கும் குறைவு. ஷெர்மன் ஐம்பதாயிரத்தை ஒட்டியும், ஸ்டூக் ஏறத்தாழ பத்தாயிரமும் கட்டப்பட்டன. சோவியத் டி-54, டி-55 குடும்பமோ வரலாற்றிலேயே மிக அதிகமாகக் கட்டப்பட்ட டாங்கி வரிசை என்று கருதப்படுகிறது. ஆனால் மாதிரி உலகில் டைகருக்குக் கிடைத்த அச்சுகளிலும் கவனத்திலும் சிறு பங்குகூட டி-55க்குக் கிடைக்கவில்லை. காரணம் எளியது: டைகர் என்ற பெயர் முதன்முறையாக வாங்குபவருக்கும் தெரியும். நெடுநாள் ஆர்வலர்கள் கேட்பவை பிரிட்டிஷ் குரோம்வெல், சர்ச்சில், ஜப்பானிய சி-ஹா, பிரெஞ்சு சார் பி-1 போன்றவை. இவற்றில் குரோம்வெல்லை நான் நம்பிக்கையோடு எதிர்பார்ப்பேன். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள் என்ற அமைப்பில் அது டி-34க்கு உறவு, இயந்திரவியல் நோக்கில் சிக்கலும் இல்லை. சர்ச்சிலுக்குப் பக்கத்துக்குப் பதினொரு சிறிய சக்கரங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும் என்றால் இருபத்திரண்டு சிறு ஸ்பிரிங்குகளும் அவற்றுக்குரிய தாங்கிகளும் வேண்டும். அவ்வளவும் செய்து முடித்த பின் அந்த அடிக்கூட்டை மறுபடி பயன்படுத்தப் பிரபலமான உறவினர்களும் அதற்கு அதிகம் இல்லை. சர்ச்சிலை விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் பெரிய நிறுவனம் ஒன்று அதை முழு மனத்தோடு செய்யும் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி, எந்த டாங்கி என்பதைவிட எப்படிப்பட்ட டாங்கி என்பதில் ஆர்வலர்கள் எதிர்பார்ப்பவற்றுக்கு வருகிறேன். என் பார்வையில் இதுதான் விஷயத்தின் மையம். முதல் குறை, எடை. 57 டன் எடையுள்ள டைகரை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பதினாறில் ஒன்றாகச் சுருக்கினால் எடையை 4,096ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 14 கிலோ வரும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டைகர் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோவுக்குள் நின்றுவிடும். இந்த வேறுபாட்டால் ஸ்பிரிங்குகள் அமுங்குவதே இல்லை; மேடு ஒன்றில் ஏறும்போது சக்கரங்கள் ஒவ்வொன்றாக மேலே போய் வருவதற்குப் பதிலாக, உடல் முழுவதும் பலகைபோல நிமிர்ந்து தடால் என்று விழுகிறது. 8.45 மீட்டர் நீள டைகர் மாதிரியில் 53 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது, வண்ணமும் வடிவமும் அச்சு அசலாக இருக்கின்றன, ஆனால் ஓடத் தொடங்கியதும் பொம்மையாகிவிடுகிறதே என்று பலர் வருந்துவது இதனால்தான்.

எடையை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 0.45 நொடி ஆகும். அதே உயரம் மாதிரியில் 6.25 சென்டிமீட்டர், அங்கிருந்து விழ 0.11 நொடிதான். நீளம் பதினாறு மடங்கு சுருங்கும்போது, புவியீர்ப்பு சுருங்காத காரணத்தால், நேரம் நான்கு மடங்கு மட்டுமே சுருங்குகிறது. மிகச் சரியாகச் சுருக்கப்பட்ட டாங்கிகூட உண்மை டாங்கியைவிட நான்கு மடங்கு விரைவாகக் குலுங்கும். பழைய திரைப்படங்களில் சிறு மாதிரிகளை வேகமாகப் படம்பிடித்து மெதுவாகக் காட்டியதும் இதை மறைக்கத்தான். வேகத்திலும் இதே சிக்கல் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டரைப் பதினாறால் வகுத்தால் மணிக்கு 2.5 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 70 சென்டிமீட்டர் வரும். கணக்குப்படி சரியான வேகம் இதுதான். ஆயினும் புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலூட்டும் அளவு மெதுவாகத் தோன்றும். அவர்களுக்காகவே பல மாதிரிகள் இதைவிட விரைவாக ஓடும்படி கியர் வைத்து அனுப்பப்படுகின்றன. நான் எப்போதும் மெதுவான கியருக்கே மாற்றிக்கொள்வேன். இது ரசனை சார்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முழுவதும் தீராத இந்தக் குறையை மறைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மென்மையான ஸ்பிரிங்கும் ஓரளவு கூடுதல் எடையும். உலோக டிராக்கும் உலோக அடிக்கூடும் இந்த எடையைத் தரையை ஒட்டித் தருவதால், மேலே ஈயக்கட்டிகளை அடுக்குவதைவிட அவை சிறந்தவை. மற்றொன்று, கையிலிருக்கும் கருவியின் குச்சியை நீங்கள் ஒரேயடியாகத் தள்ளினாலும் மோட்டாருக்கு மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் கட்டுப்பாட்டு போர்டு. நான்கு கிலோ வண்டி பல டன் பாரத்தை இழுப்பதுபோல் தயங்கிக் கிளம்பி, நிறுத்தும்போது சற்று உருண்டு நிற்பது இந்த ஒரு வசதியால் கிடைப்பது. ஆர்வலர்களின் எதிர்பார்ப்புகளில் எதை முதலில் வைப்பாய் என்று என்னைக் கேட்டால், புதிய டாங்கிப் பெயர் எதையும்விட இதைத்தான் சொல்வேன்.

திரும்புவதைப் பற்றியும் ஒரு சொல். மாதிரிகளில் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் சுழன்றால் எந்த டாங்கியும் நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுற்றும். உண்மை ஷெர்மனால் அப்படிச் சுற்ற முடியாது. அது வளைந்துதான் திரும்ப வேண்டும். டைகரும் சர்ச்சிலும் சுற்றும். மேம்பட்ட போர்டுகளில் இந்தச் சுழற்சியை முடக்கி வைக்கலாம். ஷெர்மன் ஓட்டுகிறவர் அதை முடக்கிவிட்டு, குறுகிய இடத்தில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும்போது கிடைக்கும் நிறைவை, வெறுமனே சுற்றிவிடுகிறவர் அறிய மாட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆர்வலர்கள் பேசாத, ஆனால் பழுதுபார்க்கிற நான் தினமும் சந்திக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். டிராக்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதன் ஒரு முனையில் நகரும் சக்கரம் ஒன்று இருக்க வேண்டும். உண்மை டாங்கிகள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. மலிவு மாதிரிகள் பலவற்றில் அது பிளாஸ்டிக்கில் அசையாமல் வார்க்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ‘புதிய வெளியீடு’ என்று ஆரவாரமாக விற்கப்பட்ட பேந்தர் ஒன்றை, நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், பெட்டி பிரித்த அன்றே உலோக டிராக் மாட்டி ஓட்டினேன். டிராக்கின் எடை தாங்காமல் அந்தச் சக்கரத்தின் அச்சு மூன்றாம் நாள் வளைந்தது, ஐந்தாம் நாள் தாங்கியோடு பிய்ந்து வந்தது. தளர்ந்த டிராக் பல் தாண்டியதில் கியர்களும் போயின. மேற்கூட்டில் ஒவ்வொரு ஆணியும் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருந்தது. உண்மைப் பேந்தரும் இறுதி கியர்ப் பகுதி பலவீனமாக இருந்ததால் பெயர் கெட்டது என்பதால், அதையும் உண்மைக்கு நெருக்கமாகச் செய்துவிட்டார்கள் போலும் என்று நண்பர் ஒருவர் தேற்றினார். பிளாஸ்டிக் தாங்கியில் உலோக டிராக் போடக் கூடாது என்பதை நானே அறிந்திருக்க வேண்டும். தவறில் பாதி என்னுடையது.

மின்னணுப் பகுதியில் முன்னேற்றம் உண்மையானது, விரைவானதும்கூட. முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒரே அலைவரிசையில் இரண்டு டாங்கிகள் இருந்தால் ஒருவர் குச்சி அசைக்க மற்றவர் டாங்கி ஓடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் அந்தக் கூத்து முடிந்தது. ஹெங் லாங் போன்ற நிறுவனங்களின் எளிய மாதிரிகளிலேயே ஒலி, புகை, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, அகச்சிவப்புக் கதிரால் சுடும் போட்டி முறை எல்லாம் ஒன்றாக வரத் தொடங்கிவிட்டன. தமியா வகுத்த அகச்சிவப்புப் போட்டி முறையில் இலகு டாங்கி மூன்று முறை சுடப்பட்டால் வீழும், நடுத்தரம் ஆறு முறையிலும் கனரகம் ஒன்பது முறையிலும் வீழும். கனரகத்துக்கு அடுத்த குண்டு நிரப்ப அதிக நேரம் பிடிக்கும் என்பதால் சிறிய டாங்கி ஓட்டுபவருக்கும் வாய்ப்பு உண்டு. எல்லாப் போர்டுகளும் ஒரே மொழியைப் பேசுவதில்லை என்பதுதான் இங்கே குறை. குழுவாக விளையாட நினைத்தால், உங்கள் குழு எந்த முறையைப் பயன்படுத்துகிறது என்று கேட்ட பிறகே வாங்குங்கள். குண்டு சுடும் வகையானால் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் அருகில் நிற்க விடாதீர்கள்.

எதிர்பார்ப்பில் உள்ளவற்றுள் எனக்கு ஆசையும் ஐயமும் ஒருங்கே தருவது பீரங்கிக் குழலின் நிலைநிறுத்தம். இக்கால டாங்கிகளான அமெரிக்க ஏப்ரம்ஸ், ஜெர்மன் லெப்பர்ட் 2 ஆகியவை மேடுபள்ளத்தில் விரைந்தாலும் குழல் இலக்கை விட்டு அசையாது. அசைவை உணரும் சிறிய ஜைரோ சில்லு ஒன்றால் மாதிரியிலும் இதைச் செய்யலாம். கைவேலைக்காரர்கள் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மாதிரி நான்கு மடங்கு விரைவாகக் குலுங்குகிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அந்தக் குலுக்கலைப் பின்தொடரத் துல்லியமான, தளர்ச்சியற்ற கியர் வேண்டும். குழலைத் தாங்கிச் சுழலும் மேற்கோபுரமான டரட்டின் மலிவான கியரில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே நிலைநிறுத்தத்தைத் தின்றுவிடும். குழல் நடுங்கிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேல் இந்த வசதி அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காமல், மேடுபள்ளத்தில் ஓடும் காணொளியைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முப்பரிமாண அச்சு வந்த பிறகு இந்தக் காத்திருப்பின் பொருளே மாறிவிட்டது. பெரிய நிறுவனம் செய்யாத சர்ச்சிலை ஒருவர் தம் மேசையிலேயே அச்சிட்டு, சந்தையில் கிடைக்கும் கியர்பாக்ஸையும், திறந்த மூலமாக வெளியிடப்பட்ட ஓப்பன் பான்ஸர் போன்ற கட்டுப்பாட்டு போர்டையும் பொருத்தி ஓட்டிவிடுகிறார். நான் இதில் கற்றுக்குட்டிதான் என்றாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் 60 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதில் அச்சிட்ட டாங்கியை விட்டுவந்தால் குழல் தலைகுனிந்து வரவேற்கும்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுவதும் ஏறினால் 8.4 வோல்ட் காட்டும். ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். நெடுநாள் எடுத்துவைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஆள் இல்லாமல் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

இனி உங்கள் முடிவு. நீங்கள் விரும்பும் டாங்கியின் குடும்பத்தில் ஏற்கெனவே நல்ல அடிக்கூடு ஒன்று சந்தையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. புதிதாக வருவது பெரும்பாலும் அதே அடியில் வேறு தொப்பியாகத்தான் இருக்கும், போர்டையோ பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் விரும்புவது யாருமே இதுவரை செய்யாத அடிக்கூடாக இருந்து, அதை ஒரு நிறுவனம் அறிவித்திருந்தால் மட்டும் பொறுங்கள். அப்போதும் முதல் தொகுதியை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் ஆறு மாதம் ஓட்டிய பிறகு என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். எதை எடுத்தாலும் கடையில் மேற்கூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிராக்கை இறுக்க வழி இருக்கிறதா, கியர்பாக்ஸ் பற்கள் எஃகா பிளாஸ்டிக்கா, சக்கரக் கைகள் விரலால் அழுத்தினால் தனித்தனியே இறங்குகின்றனவா, மாற்று டிராக் கண்ணிகள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் போதும். கழற்றிக் காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். எந்தக் குடும்பத்தின் மீது உங்கள் மனம் போகிறது என்று எழுதினால், அதன் கியர் விகிதத்தையும் டிராக்கையும் பற்றித் தனியாக எழுதுகிறேன். சர்ச்சில் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதற்கு இன்னொரு நீண்ட பதில் தேவைப்படும்.